'முடியாது' என்று சொல்லும் வசதி

ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறவர் கையில் நல்ல கேமரா ஒன்றும் இருந்துவிட்டால் சுற்றியிருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "இவ்வளவு நல்லா எடுக்கறீங்களே சார், ரிட்டயர் ஆனதும் இதையே தொழிலாப் பண்ணிடலாமே?" என்பார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அதுவரை ஒரு படத்துக்கும் காசு கொடுத்திருக்க மாட்டார்கள், கொடுக்கும் எண்ணமும் இருக்காது. அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. பாராட்டு வேறு, வியாபாரம் வேறு. முன்பின் தெரியாத ஒருவர், நம் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர், "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிற நாளில்தான் தொழில் பிறக்கிறது.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவன். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. அதற்குள்ளேயே கேமராவைச் சின்ன அளவில் ஒரு தொழிலாக்கிக்கொண்டேன். ஸ்டுடியோ எல்லாம் கிடையாது. பெரிய ஜன்னல் உள்ள ஓர் அறை, ஒரு ஸ்கேனர், சுமாரான கணினி, அவ்வளவுதான். மாதத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய வேலைகள் வருகின்றன. என் வயதுக்காரர்கள் இதைப் பற்றி விசாரிக்கும்போது நான் முதலில் சொல்வது, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே ஆரம்பியுங்கள் என்பதுதான். நாலு காசு கூடுதலாகச் சேரும் என்பதற்காகச் சொல்லவில்லை. வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்லிப் பழகிக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

இருபத்தைந்து வயதில் கேமராவோடு இறங்குகிற பையனுக்கு இந்த வசதி இல்லை. வாடகை கட்ட வேண்டும், கடன் அடைக்க வேண்டும், வருகிற வேலையை எல்லாம் வாரிப் போட்டுக்கொண்டாக வேண்டும். நமக்கு அப்படி இல்லை. மாதக் கடைசியில் சம்பளம் வந்து விழும் என்ற தைரியத்தில், "அந்தத் தேதியில் முடியாதுங்க" என்று நிதானமாகச் சொல்லலாம். ஓய்வு பெற்ற பிறகு தொடங்கினால் இந்தத் தைரியம் பாதியாகிவிடும். ஓய்வூதியம் வந்தாலும், சேமிப்பு இருந்தாலும், வருமானம் குறைந்துவிட்டதே என்ற நினைப்பு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். அந்த மனநிலையில் போன் அடித்தால் எதற்கும் சரி என்றுதான் வாய் சொல்லும். விடிய விடிய நின்றுகொண்டு எடுக்க வேண்டிய வேலை, அடிமாட்டு விலைக்குப் பேசுகிறவர், 'நாளைக்கே வேணும்' என்று நிற்கிறவர், எல்லாருக்கும் சரி. ஒரு வருடத்தில் கேமராவைக் கண்டாலே அலுப்பு தட்டும்.

இந்த அலுப்பைப் பற்றி 1973-ல் ஓர் ஆய்வு வெளியானது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்தது. வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம் 'வரைந்தால் பரிசு' என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்குப் பரிசே இல்லை. சில நாட்கள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமல் அதே பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசு என்று முன்கூட்டியே பேசி வரைந்த குழந்தைகள் மற்ற பிரிவினர் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கிய குழந்தைகளின் ஆசை குறையவில்லை. பரிசு என்ற ஒன்றால் ஆசை கெடவில்லை, பரிசுக்காகத்தான் வரைகிறோம் என்று ஆனதால்தான் கெட்டது.

குழந்தைகளுக்கு வந்தது நமக்கும் வரும். அதனால் முதல் வாடிக்கையாளரைத் தேடுவதற்கு முன்பே, எதை விற்கப் போவதில்லை என்று முடிவு செய்வது நல்லது. நான் பறவைப் படங்களை விற்பதில்லை. அதிகாலையில் போய், காத்திருந்து, பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவதுதான் என் பொழுதுபோக்கு. யாராவது ஒரு மீன்கொத்திப் படத்தைப் பார்த்துவிட்டு விலைக்குக் கேட்டால் பிரதி எடுத்துச் சும்மாவே கொடுத்துவிடுவேன். அதற்கு ஒரு விலைப் பட்டியல் போட்டுவிட்டால் அடுத்த தடவை கிளையில் மீன்கொத்தியைப் பார்க்கும்போது அளவும் சட்டகமும்தான் கண்ணில் தெரியும். என் மனைவி ஆரம்பத்திலேயே கேட்டாள்: "அப்போ இனிமே லீவு நாள்லயும் ஆபீஸா உங்களுக்கு?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் வைத்திருக்காதவர்கள் தொழிலைத் தள்ளிப் போடலாம்.

சரி, எதை விற்பது?

கல்யாணம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பணம் புழங்கும் இடம் அது, உண்மைதான். ஆனால் நீண்ட நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும், ஒரு நொடி தவறினால் திரும்ப வராது, கூட ஆள் வேண்டும், போட்டி கழுத்தளவு. அதற்கு இளவயசுக் கால்கள் வேண்டும். நான் அந்தப் பக்கமே போகவில்லை. கேட்டு வருகிறவர்களைத் தெரிந்த இளைஞர்களிடம் அனுப்பிவிடுகிறேன், அவர்களும் தங்களுக்கு ஒத்துவராத சின்ன வேலைகளை எனக்கு அனுப்புகிறார்கள்.

இணையத்தில் படங்களை ஏற்றி, பதிவிறக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் முறை அடுத்து எல்லோரும் சொல்வது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் இந்தத் தளங்கள் வந்தபோது நிலைமை வேறு. இன்று குவிந்து கிடக்கும் கோடிக்கணக்கான படங்களுக்கு நடுவே நம்முடைய சூரிய அஸ்தமனத்தைத் தேடிப் பிடித்து வாங்க யாரும் இல்லை. போதாக்குறைக்குச் செயற்கை நுண்ணறிவு வேறு கேட்டதும் வரைந்து தருகிறது. மனித முகம் தெரிகிற படத்தை விளம்பரத்துக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அந்த மனிதரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும். உழைப்புக்கும் வரவுக்கும் கட்டுப்படியாகாது என்பது என் கணிப்பு.

இயந்திரம் செய்ய முடியாதது, அங்கே போய் நின்றால்தான் ஆகும் என்பது, அவசரமில்லாமல் செய்தால் நன்றாக வருவது, இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் நம் வயதுக்காரர்களுக்கு வேலை இருக்கிறது. எனக்கு அமைந்தவை முதியவர்களின் உருவப்படமும் பழைய படங்களைக் காப்பாற்றித் தருவதும். இன்னொருவருக்கு வேறு ஏதாவது அமையலாம். கைவினைப் பொருள் செய்கிறவர்களுக்கு வெள்ளைப் பின்னணியில் பொருட்களை எடுத்துக் கொடுக்கலாம். ஜன்னல் வெளிச்சமும் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையும் இருந்தால் போதும். அறை விளக்கை மட்டும் அணைத்துவிட வேண்டும். இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் சேலையின் நிறம் ஒரு பக்கம் ஒன்றாகவும் மறுபக்கம் வேறாகவும் வந்து, வாங்கினவர் திருப்பி அனுப்பும் நிலை வரும். சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து முதல் படம் எடுத்துக்கொண்டால் பிறகு நிறத்தைச் சரிசெய்வது சுலபம்.

முதியவர் உருவப்படம் எப்படி ஒரு தொழிலாகும் என்று கேட்பவர்கள், தங்கள் வீட்டுப் பெரியவரின் நல்ல படம் ஒன்றைத் தேடிப் பார்க்கட்டும். செல்போனில் ஆயிரக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றிலும் அவர் யாருடைய தோளுக்குப் பின்னாலோ பாதி மறைந்து நிற்பார், அல்லது சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தனியாக, நிம்மதியாக உட்கார்ந்து நம்மைப் பார்க்கிற படம் ஒன்று இருக்காது. அது இல்லையே என்பது பெரும்பாலும் தேவைப்படும் நாளில்தான் தெரிய வரும். அதற்கு முன்பே உணர்ந்த பிள்ளைகள்தான் என் வாடிக்கையாளர்கள்.

ஒரு பாட்டியம்மா வந்திருந்தார். மகள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். உட்கார்ந்ததுமே பாட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். போட்டோ என்றால் கண்ணாடி கூடாது என்று அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் சொல்லிவைத்த பழக்கம். கழற்றிய முகத்தில் மூக்கின் இருபுறமும் தடம் பதிந்திருந்தது, கண்கள் எதையும் பிடிக்க முடியாமல் அலைந்தன. "போட்டுக்கிட்டே இருங்கம்மா" என்றேன். "பளபளன்னு அடிக்குமே தம்பி" என்றார். அடிக்கத்தான் செய்யும். அதற்கு வழி சுலபம். காதில் மாட்டும் கம்பியைப் பின்னால் ஒரு விரல்கடை உயர்த்திவிட்டால் கண்ணாடி லேசாகக் கீழ்நோக்கிச் சாயும், ஜன்னலின் பிரதிபலிப்பு கேமராவுக்கு வராமல் தரைப்பக்கம் போய்விடும். முடி மறைத்துக்கொள்வதால் படத்தில் அது தெரிவதில்லை. நாற்காலியைச் சற்றுத் திருப்பி ஜன்னலைப் பக்கவாட்டில் கொண்டுவந்தேன். முகத்தின் இருண்ட பக்கத்தில் மகளை ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். மகளுக்கும் ஒரு வேலை ஆயிற்று, "அம்மா சிரிம்மா, சிரிம்மா" என்று சொல்வதும் நின்றது.

லென்ஸ் 85 மில்லிமீட்டர். இரண்டு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நின்றால் மூக்கு பெரிதாகாது, முகம் இயல்பாக வரும். கேமரா அவருடைய கண் உயரத்தில். தாடையைத் தூக்கச் சொன்னால் கழுத்து விறைத்துவிடும் என்பதால், "யாரோ மெதுவாப் பேசறாங்க, காதைக் கொடுத்துக் கேளுங்க" என்பேன், தலை தானாக முன்னால் வரும். பிறகு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். முதல் வேலையில் வாங்கிய சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் போதும், எந்தப் பெரியவரும் மலர்ந்துவிடுவார். அந்தப் பாட்டிக்குச் சம்பள வேலை இருந்ததில்லை. அதனால், வீட்டில் யார் அதிகம் சேட்டை என்று கேட்டேன். துணியைப் பிடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். அதுதான் படம்.

இந்த வேலையில் இளைஞர்களைவிட நமக்குச் சாதகம் அதிகம். எண்பது வயதுக்காரர் மெதுவாக நடப்பார், நடுவில் தண்ணீர் கேட்பார், சொன்ன கதையையே திரும்பச் சொல்வார். அவசரப்படாத ஆள் எதிரில் இருந்தால்தான் முகம் தளரும். ஒரு நாளில் ஒருவருக்கு மேல் நான் எடுப்பதில்லை. இதுவும் சம்பளம் கொடுத்த வசதிதான்.

பழைய படங்கள் இன்னும் நிதானம் கேட்கும். சட்டகம் போட்ட படம் பல வருட ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வரும். கொண்டுவந்தவர் ஆர்வத்தில் ஓரத்தை உரிக்கப் பார்ப்பார். உரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும், காகிதம் மட்டும் கையோடு வரும். அப்படியே விட்டு, கண்ணாடியோடு சேர்த்துத்தான் பிரதி எடுக்க வேண்டும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, பளபளப்பு வந்தால் விளக்குகளுக்கும் லென்ஸுக்கும் பிரதிபலிப்பைத் தடுக்கும் போலரைசர் வடிகட்டி போட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தனிப் படமாக இருந்தால் ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். காகிதப் படத்தில் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, கோப்புதான் வீங்கும். நெகட்டிவ் சின்னது என்பதால் 2400-க்குக் குறையாமல் வைக்க வேண்டும்.

எழுபதுகளின் வண்ணப் படங்கள் பல சிவந்துபோய் வருவதைப் பார்க்கலாம். ஆல்பத்தின் இருட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தும் ஏன் இப்படி என்று கேட்பார்கள். அந்தக் காலத்து வண்ணத்தாள்களில் சயான் என்ற நீலப்பச்சைச் சாயம் இருட்டிலும் மெல்ல மெல்ல அழிந்துவிடக்கூடியது. அது போனதும் மிச்சமிருக்கும் சாயங்கள் படத்தைச் சிவப்பாகக் காட்டும். ஸ்கேன் செய்தபிறகு நிறங்களைத் தனித்தனியாகச் சமன் செய்தால் ஓரளவு மீட்கலாம். பழைய பிலிம் சுருள் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், பிலிமின் அசிடேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு சுருளில் தொடங்கியது பக்கத்துச் சுருள்களின் சிதைவையும் விரைவுபடுத்தும் என்பதால் அதைத் தனியே பிரித்து வைத்து, முதல் வேலையாக ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

ஒரு பொத்தானை அமுக்கினால் மங்கிய முகம் பளிச்சென்று ஆகிவிடும் மென்பொருட்கள் இப்போது நிறைய. நான் முகங்களில் அவற்றை நம்புவதில்லை. அந்த மென்பொருள் இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. கண் இமை, பல் வரிசை எல்லாம் துல்லியமாக வரும், ஆனால் அது அந்த மனிதருடையதாக இருக்காது. தாத்தாவை நேரில் பார்த்திராத பேரனுக்கு வித்தியாசம் தெரியாது. அவர் கூடப் பிறந்தவர் உயிரோடிருந்தால், படத்தைப் பார்த்ததும் "இது யாரு?" என்பார். கீறலையும் கறையையும் நீக்கித் தருவேன், தெரியாத முகத்தைத் தெரிந்ததுபோல வரைந்து தர மாட்டேன் என்று வேலை வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்கள். போகட்டும்.

இப்படி ஒரு சின்ன வட்டத்துக்குள் நின்றுகொள்வது புதிய யோசனை ஒன்றும் இல்லை. பிரான்ஸில் யூஜின் அட்ஜே என்பவர், நடிப்பில் தேறாமல் முப்பது வயதுக்கு மேல் கேமராவைத் தூக்கியவர், தன் வாசலில் 'கலைஞர்களுக்கான ஆவணங்கள்' என்று பலகை மாட்டியிருந்தார். மரங்கள், கதவுகள், பாரிஸின் பழைய தெருக்கள் என்று எடுத்து, ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றார். 1920-ல் 2,600-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை அரசாங்கமே வாங்கிக்கொண்டது. இன்று உலக அருங்காட்சியகங்கள் அவரைக் கலைஞர் என்று கொண்டாடுகின்றன. பலகையில் அவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளவில்லை, யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் எழுதினார். விளம்பரம் எழுத உட்காரும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பலகைதான்.

வயது தாண்டிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு ஜூலியா மார்கரெட் கேமரனின் கதையைச் சொல்லலாம். கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், அவருக்கு 48 வயதாக இருக்கும்போது, மகளும் மருமகனும் பொழுதுபோக்குக்காக ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். நிலக்கரிக் கொட்டடி இருட்டறையானது, கோழிக் கொட்டகைக்குக் கண்ணாடி போட்டதும் படம் எடுக்கும் அறையானது. எனக்கு அவரிடம் பிடித்தது அடுத்துச் செய்ததுதான். தன் படங்களைக் காப்புரிமைக்குப் பதிவு செய்தார், லண்டனில் ஒரு படவியாபாரி மூலம் விற்பனைக்கு வைத்தார். வயதான காலத்தில் வந்த ஆசை என்று வீட்டோடு வைத்துக்கொள்ளாமல், அதற்குரிய காரியங்களை முறையாகச் செய்தார்.

விலைக்கு வருவோம். பொழுதுபோக்கிலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். ஒரு மணி நேரம் படம் எடுத்தோம், ஒரு மணி நேரத்துக்குக் கூலி என்று கணக்குப் போடுவார்கள். முன்னே பின்னே நடந்த பேச்சுவார்த்தை, போய்வந்த நேரம், நூறு படத்தில் பத்தைப் பொறுக்கியது, அந்தப் பத்தைச் சீர்செய்தது, "இதுல கொஞ்சம் வெளிச்சம் கூட்டுங்களேன்" என்று திரும்பி வந்தது, பிரிண்ட் போட்டது, பில் எழுதியது, பணத்துக்கு நினைவூட்டியது, எல்லாம் கணக்கில் வராது. ஒரு மணி நேரப் படப்பிடிப்புக்குப் பின்னால் குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்து செய்கிற வேலை இருக்கிறது. கேமராவும் தேய்கிறது. பல கேமராக்களில் வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் ஷட்டர் ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் முறை இயங்கும் என்று தயாரிப்பாளர்களே மதிப்பிடுகிறார்கள், ஒவ்வொரு கிளிக்குக்கும் அதில் ஒன்று குறைகிறது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். சொன்ன விலை வாய்க்குள்ளேயே சிக்கிக்கொண்டால், வெளியில் சொல்வதற்கு முன் வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகலாம். சிரிக்காதீர்கள், நான் இதை நிஜமாகவே பரிந்துரைக்கிறேன்.

அப்புறம் முகதாட்சண்யம். ஐம்பது வயதைத் தாண்டினவருக்குத் தெரிந்தவர்கள் அதிகம். பழைய சக ஊழியர், மச்சினர் வீட்டு ஆட்கள், நடைப்பயிற்சி நண்பர் என்று எல்லோருக்கும் நாம் வேண்டியவர். "நமக்குள்ள என்ன சார் காசு" என்ற வாக்கியத்தைக் காசு கொடுக்க வேண்டியவர்தான் முதலில் சொல்வார். நான் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. மிக நெருங்கியவர்களுக்கு முழுக்க இலவசம், அன்பளிப்பு என்று சொல்லியே கொடுப்பேன். மற்ற எல்லோருக்கும் முழு விலை. பாதி விலை என்ற ஒன்றே என் பட்டியலில் கிடையாது. பாதி விலைக்கு ஒருமுறை செய்தால் அதுதான் என் விலை என்று ஊர் முழுக்கப் பரவும். வாங்கினவருக்கும் உதவி பெற்ற நினைப்பு இருக்காது, எனக்கும் கொடுத்த திருப்தி இருக்காது. மறுப்பதும்கூட இங்கே ஒரு கலை. "உங்களுக்குச் செய்யணும்னுதான் ஆசை, ஆனா இந்த மாசம் கை நிறைய வேலை" என்றால் யாருக்கும் மனம் கோணாது. முன்பணம் வாங்காமல் தேதி குறிப்பதில்லை என்ற விதியும் உண்டு. அதைச் சொன்னதுமே சிலர் மறைந்துவிடுவார்கள், நம் வேலை மிச்சம்.

சாமான் வாங்கும் ஆசையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன், ஆனாலும் ஒரு வார்த்தை. ஓய்வின்போது மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும். தொழில் என்று ஒரு சாக்கும் இருந்தால் அதில் கணிசமான பங்கு லென்ஸாக மாறிவிடும் அபாயம் உண்டு. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000-க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த தரத்திலேயே அச்சிட்டாலும் 20 அங்குல அகலம் வரும். சுவரில் மாட்டும் உருவப்படத்துக்கு அதற்கு மேல் எதற்கு? காசு போட வேண்டிய இடம் வேறு. ஒருவர் பயன்படுத்திய பழைய கேமராவாகப் பார்த்து இரண்டாவதாக ஒன்று, ஏனென்றால் முதலாவது படுத்துவிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் நாளை வாருங்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு மெமரி கார்டு போடும் வசதி, இரண்டிலும் ஒரே படம் பதிவாகும்படி. எப்போதாவது தேவைப்படும் லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

உடம்பும் ஒரு சாமான்தான். பெரிய ஜூம் லென்ஸ் மாட்டிய கேமரா இரண்டு கிலோவைத் தாண்டும், தோள்பட்டை மறுநாள் பதில் சொல்லும். ஜூம் செய்ய முடியாத, எடை குறைந்த ஒற்றைக் குவியத்தூர லென்ஸுகள் நம் வயதுக்கு நல்ல துணை. வெள்ளெழுத்து வந்தவர்கள் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும். கண்ணின் பவருக்கு ஏற்றபடி சரிசெய்ய அது இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது, லென்ஸ் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கண்ணில் இன்னொரு விஷயமும் நடக்கிறது, அது நமக்கே தெரியாமல். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல மஞ்சளாகிறது, நீல ஒளியை முன்போல உள்ளே விடுவதில்லை. மாற்றம் படிப்படியாக வருவதால் மூளை அதைச் சமாளித்துக்கொள்கிறது. ஆனால் திரையில் நீலத்தையும் ஊதாவையும் நுணுக்கமாகச் சரிசெய்யும்போது கண் ஏமாற்றலாம். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல், திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவி ஒன்றை வாங்கி வைப்பது உபயோகமான செலவு. திரையில் ஜொலிக்கும் படம் பிரிண்டில் இருட்டடித்து வருகிறதே என்று புலம்புகிறவர்களுக்கும் பெரும்பாலும் மருந்து அதுவே. திரையின் வெளிச்சம் தேவைக்கு மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும், நாம் படத்தை இருட்டாக்கி அனுப்பியிருப்போம்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருப்பவர்கள் வெளியே சம்பாதிக்கலாமா என்று தங்கள் பணி விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தேவையென்றால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். தொழில் வரவு செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு இருந்தால் வருமான வரி நேரத்தில் தலை சுற்றாது. வீட்டுக் காப்பீட்டில் தொழிலுக்குப் பயன்படும் கேமரா பெரும்பாலும் அடங்காது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படத்தின் காப்புரிமை எடுத்தவருக்கா, எடுக்கச் சொல்லிக் காசு கொடுத்தவருக்கா என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால், யாருக்கு என்ன உரிமை என்று பில்லிலேயே இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது மேல். பாட்டியின் படத்தை என் விளம்பரத்தில் போடலாமா என்பதும் அந்த இரண்டு வரிக்குள் வந்துவிடும். பெரும்பாலும் 'வேண்டாம்' என்றுதான் எழுதுவார்கள். அதனால் என் விளம்பரத்தில் என் சொந்தக்காரர்களின் முகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன.

படங்களைப் பத்திரப்படுத்துவதற்குப் புகைப்படக்காரர்களிடையே 3-2-1 என்றொரு விதி உண்டு. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். பொழுதுபோக்காக இருந்தவரை ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு காலம் தள்ளலாம், நம் படம் போனால் நமக்குத்தான் வருத்தம். மற்றவர் வீட்டின் ஒரே பழைய படம் நம் கையில் இருக்கும்போது கதை வேறு. அசலை ஸ்கேன் செய்த அன்றே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், என்னிடம் வைத்துக்கொள்வதே இல்லை.

நம் வயதில் இதோடு இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நாளைக்கு நான் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் வாடிக்கையாளர் யாரைக் கேட்பார்? இளைஞர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள், நாம் பட்டுத்தான் ஆக வேண்டும். என் பில்லின் அடியில் ஒரு வரி இருக்கிறது: கோப்புகள் ஒப்படைத்த தேதியிலிருந்து ஓராண்டு வரை மட்டுமே என்னிடம் இருக்கும், அதன் பிறகு பொறுப்பு உங்களுடையது. நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் பட்டியல், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, யாரிடம் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறேன் என்ற விவரங்கள் ஒரு நோட்டில் இருக்கின்றன. கடவுச்சொற்களும் அதில்தான். நோட்டு இருக்கும் இடம் என் மகளுக்குத் தெரியும். அவளுக்குப் புகைப்படத்தில் ஆர்வம் இல்லை, தொழிலை எடுத்து நடத்தும் எண்ணமும் இல்லை. ஆனால் எந்தக் கவரை யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருடைய முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்பதை அந்த நோட்டைப் பார்த்து ஒரே நாளில் முடித்துவிடுவாள். அந்தப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டும்போது நான் புது வேலை எடுப்பதை நிறுத்திவிடுகிறேன்.